சாக்கடைக் கசடிலிருந்து அமிலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மிஞ்சும் கசடை (ஸ்லட்ஜ்) நொதிக்க வைத்து, அதிலிருந்து அசிட்டிக் அமிலம் போன்ற பொருள்களை எடுக்கும் வேலை பற்றிப் பேச்செடுத்தால் மாணவர்களும் நகராட்சிப் பொறியாளர்களும் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஸ்லட்ஜ் என்றால் மலம்தானே? நேரடியாக அப்படிச் சொல்ல வேண்டியதுதானே?

அதில் மலமும் உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் இரண்டு விதமான கசடு சேர்கிறது. வந்த கழிவுநீரைப் பெரிய தொட்டியில் அசையாமல் நிறுத்தினால் அடியில் படிவது முதல்நிலைக் கசடு. மலம், சோற்றுப் பருக்கை, காகித நார், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் இதில் இருக்கும்.

அடுத்த தொட்டியில் காற்று ஊதுவார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் அழுக்கைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகும். 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்ட முறை இது. உலகின் பெரும்பாலான நகரங்கள் இன்றும் இதைத்தான் வெவ்வேறு வடிவில் பயன்படுத்துகின்றன. இங்கே பெருகியதில் தேவைக்கு மேல் இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். அதுதான் இரண்டாம்நிலைக் கசடு. அதாவது இது அழுக்கைத் தின்ற பாக்டீரியாக்களின் உடல். நொதித்தல் என்று வரும்போது இந்த இரண்டும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஆகவே யாராவது ‘கசடில் இவ்வளவு கிடைத்தது’ என்றால், எந்தக் கசடு என்பதை முதலில் கேளுங்கள்.

அதில் எடுக்கிற மாதிரி அப்படி என்ன இருக்கிறது?

முதலில் தண்ணீர்தான். கெட்டியாக்காத இரண்டாம்நிலைக் கசடில் 100 லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோதான் திடப்பொருள். முதல்நிலைக் கசடு என்றால் 3, 4 கிலோ வரை போகும். அந்தத் திடப்பொருளில் சுமார் 70 சதவீதம் கரிமப் பொருள், மிச்சம் மண்ணும் உப்பும்.

கரிமப் பொருளில் புரதம், மாவுச்சத்து, நார், கொழுப்பு எல்லாம் உண்டு. இரண்டாம்நிலைக் கசடு பாக்டீரியா உடல் என்பதால் அதில் புரதத்தின் பங்கு மிக அதிகம். இந்தப் பெரிய மூலக்கூறுகளை நுண்ணுயிர்கள் உடைத்தால் சிறிய அமிலங்கள் வரும். அசிட்டிக் அமிலத்தில் இரண்டு கார்பன், புரோப்பியோனிக்கில் மூன்று, பியூட்டிரிக்கில் நான்கு, வேலரிக்கில் ஐந்து. இந்த நான்கையும் சேர்த்து இந்தப் பக்கத்தில் ‘சிறு அமிலங்கள்’ என்று சொல்லப் போகிறேன்.

இதெல்லாம் கோபர் கேஸ் மாதிரிதானே? அதைத்தான் ஐம்பது வருஷமாகச் செய்கிறோமே?

பாதி வழி வரைக்கும் ஒன்றுதான். காற்றில்லாத தொட்டியில் கசடு நான்கு கட்டமாக மாறுகிறது. முதலில் புரதமும் மாவும் கரைந்து சின்னத் துண்டுகள் ஆகின்றன. அடுத்து அவை சிறு அமிலங்கள் ஆகின்றன. மூன்றாவதாக, மூன்று கார்பனும் அதற்கு மேலும் உள்ள அமிலங்கள் அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. கடைசியில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வந்து அதைத் தின்று வாயு விடுகின்றன.

எரிவாயுக் கலனில் கடைசிக் கட்டம்தான் நமக்கு வேண்டியது. இங்கே அதற்கு நேர்மாறு. இரண்டாம் கட்டம் நன்றாக நடக்க வேண்டும், நான்காம் கட்டம் நடக்கவே கூடாது. எரிவாயு நிலையத்தை நடத்துகிறவருக்கு அமிலம் ஏறினால் வயிற்றைக் கலக்கும். தொட்டி ‘புளித்துப் போச்சு’ என்பார். அவருக்குக் கெட்ட செய்தியாக இருப்பதைத்தான் நாம் வேண்டுமென்றே வரவழைக்கிறோம்.

சரி, மீத்தேன் ஆகிவிடாமல் நடுவில் எப்படி நிறுத்துவது?

மீத்தேன் நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. இரட்டிப்பாகச் சில நாள் எடுக்கும். அமிலம் உண்டாக்குபவைக்குச் சில மணி நேரம் போதும். எரிவாயுக் கலனில் கசடு 35 டிகிரியில் 15 முதல் 30 நாள் இருக்கும். நொதித் தொட்டியில் அதை 2 முதல் 6 நாளுக்குள் வெளியேற்றிவிட்டால், மெதுவாகப் பெருகுகிறவை பெருகுமுன்னே அடித்துச் செல்லப்படும். செலவே இல்லாத வழி இதுதான்.

இன்னொரு வழி காரம் அல்லது அமிலத்தன்மையை மாற்றுவது. மீத்தேன் நுண்ணுயிர்களுக்கு பிஎச் 7ஐ ஒட்டி இருந்தால்தான் பிடிக்கும். 5.5க்குக் கீழே போனாலும் 9க்கு மேலே போனாலும் அடங்கிவிடும். பனையேறுகிறவர் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதும் இதே வேதியியல்தான். காரம் ஏறினால் சாறு கள்ளாகாமல் பதநீராகவே நிற்கும். வித்தியாசம் என்னவென்றால், அங்கே நொதித்தலே கூடாது. இங்கே ஒரு கட்டம் வரை நடக்க வேண்டும், அதற்கு மேல் கூடாது.

ஆய்வுக்கூடங்களில் மீத்தேனைத் தடுக்கத் தனி வேதிப்பொருள்களையும் ஊற்றுவார்கள். கட்டுரை எழுத அது உதவும். நிலையத்தில் அந்தச் செலவுக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

சுண்ணாம்பு போட்டால் அமிலம் வருமா? அமிலமும் காரமும் எதிரி என்றுதானே படித்தோம்?

நியாயமான கேள்வி. ஷாங்காய் தோங்ஜி பல்கலைக்கழகத்தில் யிங்குவாங் சென் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் இது பரவலாகப் பேசப்பட்டது. இரண்டாம்நிலைக் கசடை பிஎச் 10இல் வைத்தால், அமிலச் சூழலில் வைப்பதைவிடப் பல மடங்கு சிறு அமிலங்கள் கிடைப்பதை அவர்கள் காட்டினார்கள்.

காரணம் இரண்டு. முன்பே சொன்னபடி மீத்தேன் நுண்ணுயிர்கள் அடங்குகின்றன. அதைவிட முக்கியம், காரம் அந்தப் பாக்டீரியா உடல்களையும் அவற்றைச் சுற்றியுள்ள பிசின் உறையையும் கரைத்துவிடுகிறது. உயிருள்ள செல் சுவரை உடைப்பதுதான் இரண்டாம்நிலைக் கசடில் மிகவும் தாமதமாகும் வேலை. அது முடிந்தால் மற்றது ஓடும். உண்டாகும் அமிலம் அந்தக் காரத்தில் உப்பாக, அசிட்டேட்டாக, கரைந்து நிற்கும். இந்த ‘உப்பாக’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தொல்லை கொடுக்கும்.

எந்தக் காரம் என்பதும் கவனிக்க வேண்டியது. சோடா காரம் கசடை நன்றாகக் கரைக்கும், ஆனால் அப்புறம் திடத்தையும் நீரையும் பிரிக்க முடியாமல் கூழாகி நிற்கும். சுண்ணாம்பு கொஞ்சம் குறைவாகக் கரைக்கும், ஆனால் பிழிவது எளிது, பாஸ்பேட்டையும் பிடித்து வைக்கும். நான் சுண்ணாம்புப் பக்கம்.

காரம் இல்லாமல் வேறு வழியில் உடைக்க முடியாதா?

முடியும். கசடை 160 டிகிரி நீராவியில், சுமார் 6 பார் அழுத்தத்தில், அரை மணி வேகவைத்துச் சட்டென்று அழுத்தத்தை விடுவித்தால் செல்கள் வெடித்துவிடும். நார்வேயின் ஹாமர் நகரில் 1995இல் காம்பி நிறுவனத்தின் இந்த முறை முதன்முதலில் பெரிய அளவில் வந்தது. வாஷிங்டன் நகரின் புளூ பிளெய்ன்ஸ் நிலையத்திலும் இப்போது இது ஓடுகிறது. அங்கெல்லாம் நோக்கம் அதிக எரிவாயுதான், ஆனால் வெந்த கசடு அமிலம் எடுக்கவும் தோது. ஒலியதிர்வு, உறையவைத்து உருக்குதல் என்றும் செய்து பார்க்கிறார்கள். மின்கட்டணத்தைப் பார்த்தால் ஆசை அடங்கிவிடும்.

எவ்வளவுதான் கிடைக்கும்? ஒரு கணக்கு சொல்லுங்கள்.

காய்ந்த நிலையில் 100 கிலோ கசடு என்று வைத்துக்கொள்வோம். அதில் கரிமப் பொருள் 70 கிலோ. அதை முழுவதுமாக ஆக்சிஜனேற்ற 100 கிலோ ஆக்சிஜன் வேண்டும். இந்தத் துறையில் எல்லாக் கணக்கும் இந்த ஆக்சிஜன் தேவையில்தான் போடுவார்கள். சி.ஓ.டி. என்பது அதுதான். நன்றாக நடக்கும் நொதித்தலில் இதில் 15 முதல் 25 சதவீதம் சிறு அமிலங்களாக மாறும். எடையில் சொன்னால் 12 முதல் 20 கிலோ அமிலம். அதில் ஏறக்குறைய பாதி அசிட்டிக், அடுத்து புரோப்பியோனிக், மற்றவை மிச்சம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது ஒரு லிட்டர் நொதிநீரில், அதாவது நொதித்த கசடின் நீரில், 5 முதல் 15 கிராம் என்ற அளவில்தான் கலந்து கிடக்கும். கடையில் விற்கும் வினிகரில் 40 கிராமுக்கு மேல் இருக்கும் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நாற்றம் தாங்க முடியுமா?

ஆய்வுக்கூடத்தில் இந்தப் புட்டியைத் திறப்பவர்களுக்குத் தெரியும். எல்லாரும் எதிர்பார்ப்பது சாக்கடை நாற்றம். வருவது வேறு. மையவிலக்கியில் சுற்றித் திடத்தை இறக்கிய பிறகு மேலே நிற்பது பால் கலக்காத தேநீர் நிறத்தில் ஒரு தெளிந்த நீர். முதலில் மூக்கில் ஏறுவது வினிகர் நெடி. அதன் பின்னாலேயே பியூட்டிரிக் அமிலம் வரும். அது சிக்குப் பிடித்த வெண்ணெயும் வாந்தியும் சேர்ந்த வாடை. வேலரிக் என்றால் நாள் முழுக்க ஷூவுக்குள் இருந்த சாக்ஸ். கையுறையில் ஒரு துளி பட்டால் அன்று மத்தியானச் சாப்பாடு இறங்காது.

கார நிலையில் இந்த நாற்றம் குறையும், ஏனென்றால் உப்பாக இருக்கும் அமிலம் ஆவியாகாது. அதற்குப் பதில் அமோனியா கிளம்பும். ஆக மூடிய தொட்டியும் காற்றை உறிஞ்சிச் சுத்தம் செய்யும் வடிகட்டியும் இல்லாமல் இதை ஊருக்குள் நடத்த முடியாது.

தண்ணீரைக் காய்ச்சி வற்றவைத்தால் அமிலம் தனியாக வந்துவிடாதா?

எல்லாரும் கேட்கும் கேள்வி. இந்தத் தொழில் முழுவதும் முட்டி நிற்கும் இடமும் இதுதான். கணக்கைப் பாருங்கள். 1000 லிட்டர் நொதிநீரில் 10 கிலோ அமிலம். கொதிநிலைக்கு வந்த 1000 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 2260 மெகாஜூல் வேண்டும். அதாவது 630 யூனிட். அந்த 10 கிலோ அசிட்டிக் அமிலத்தையே எரித்தால் கிடைப்பது 145 மெகாஜூல், 40 யூனிட். வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கொதிகலன் வைத்தாலும் இந்த இடைவெளி நிரம்பாது.

போதாததற்கு, அசிட்டிக் அமிலம் 118 டிகிரியில் கொதிப்பது. தண்ணீர்தான் முதலில் போகும். சாராயம் காய்ச்சும்போது சாராயம் முதலில் வரும், நீர் தங்கும். இங்கே விஷயம் தலைகீழ்.

ஆகவே வேறு வழிகளைத் தேடுகிறார்கள். மின்புலம் வைத்து அமிலத்தைச் சவ்வு வழியே இழுப்பது ஒன்று. டிரைஆக்டைல் அமீன் போன்ற எண்ணெய்த்தன்மையுள்ள கரைப்பானில் ஏற்றுவது இன்னொன்று. அயனிப் பிசினில் பிடிப்பது மற்றொன்று. கரைப்பான், உப்பாக மாறாத அமிலத்தைத்தான் பிடிக்கும். அதற்கு பிஎச் 4.8க்குக் கீழே வர வேண்டும். இப்போது காரம் பற்றிய பதிலுக்குத் திரும்பிப் பாருங்கள். விளைச்சலைக் கூட்ட பிஎச் 10க்கு ஏற்றினோம். பிரிக்க அதையே 4க்கு இறக்க வேண்டும். ஏற்ற ஒரு செலவு, இறக்கக் கந்தக அமிலம் ஒரு செலவு, கடைசியில் கையில் மிஞ்சுவது யாருக்கும் வேண்டாத ஜிப்சம் அல்லது சோடியம் சல்பேட். ஆய்வுக் கட்டுரைகளில் விளைச்சல் எண்ணை மட்டும் போட்டு இந்தப் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். படிக்கும்போது அங்கே நிறுத்திப் படியுங்கள்.

அப்படியானால் பிரிக்காமலே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். என்னைக் கேட்டால் இன்றைக்குச் செய்யத் தகுந்தது அதுதான். கழிவுநீரில் உள்ள பாஸ்பரசையும் நைட்ரஜனையும் ஏரிக்குப் போகாமல் தடுக்க நுண்ணுயிர்களையே பயன்படுத்தலாம். அவற்றுக்கு அந்த வேலைக்கு எளிதில் தின்னக்கூடிய கார்பன் வேண்டும். பல நிலையங்கள் இதற்காக மெத்தனாலோ அசிட்டேட்டோ விலைக்கு வாங்கி ஊற்றுகின்றன. அந்த இடத்தில் நொதிநீரை அப்படியே ஊற்றலாம். தெளிந்திருக்க வேண்டாம், அடர்த்தியாக இருக்க வேண்டாம், கலவையாக இருந்தாலும் கேடில்லை.

1970களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஜேம்ஸ் பர்னார்ட் என்ற பொறியாளர், காற்றில்லாத பகுதியைக் கடந்து வரும் பாக்டீரியாக்கள் பாஸ்பரசை வாரி எடுத்துக்கொள்வதைக் கவனித்தார். அந்தப் பகுதியில் அவை சிறு அமிலங்களைத் தின்று சேமித்துக்கொள்கின்றன. காற்றுள்ள பகுதிக்கு வந்ததும் அந்தச் சேமிப்பைச் செலவழித்து பாஸ்பேட்டை உள்ளே இழுக்கின்றன. ஒரு கிலோ பாஸ்பரஸ் எடுக்க 7 முதல் 10 கிலோ சிறு அமிலம் தேவைப்படும். கனடாவின் ஒகனாகன் ஏரிக்கரையில் உள்ள கெலோனா நகரின் நிலையம் 1982இலேயே இந்த முறைக்கு வந்தது. முதல்நிலைக் கசடைத் தனியாக நொதிக்கவிட்டு, அந்த நீரை இதற்குத் தீனியாக்கியது. கடுங்குளிர் நாட்டில், கசடிலிருந்து எடுத்த அமிலம் நாற்பது வருடத்துக்கு முன்பே வேலைக்கு வந்துவிட்டது. அதற்கு யாரும் ‘மீட்பு’ என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். பர்னார்டுக்கு 2011இல் சிங்கப்பூரின் லீ குவான் யூ தண்ணீர் விருது கிடைத்தது.

பிளாஸ்டிக் செய்கிறார்களாமே, உண்மையா?

உண்மை. இப்போது சொன்ன அதே சேமிப்புதான் பிளாஸ்டிக். பாக்டீரியா உள்ளே சின்னச் சின்ன உருண்டைகளாகச் சேர்த்து வைக்கும் பாலியெஸ்டர் இது. பி.எச்.ஏ. என்பார்கள். 1926இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மொரிஸ் லெமுவாஞ் இதன் ஒரு வகையைக் கண்டு எழுதினார். மண்ணிலும் கடலிலும் நுண்ணுயிர்களே இதைத் தின்றுவிடும் என்பது இதன் சிறப்பு.

செய்முறை கொஞ்சம் குரூரமானது. பாக்டீரியாக் கூட்டத்துக்கு நொதிநீரை ஒரேயடியாகக் கொட்டி, பிறகு மணிக்கணக்கில் பட்டினி போடுவார்கள். விருந்தன்று வாரிச் சேமித்தவை பிழைக்கும், மற்றவை ஒழியும். இப்படிப் பல சுற்று போனால் சேமிக்கும் இனமே மிஞ்சும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில், சுத்தமான அசிட்டேட் கொடுத்து, காய்ந்த எடையில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பிளாஸ்டிக்காக உள்ள பாக்டீரியாக்களை வளர்த்துக் காட்டினார்கள். உண்மையான கழிவுநீர் நிலையத்தில் அந்த அளவு வராது. இருந்தாலும் அதே நாட்டின் பாத் என்ற இடத்து நிலையத்திலும், இத்தாலியில் திரெவீசோ அருகே கார்போனெரா நிலையத்திலும் முன்னோடி அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, கலவை அமிலம் இங்கே குறையாக இல்லாமல் நிறையாகிறது. அசிட்டிக் மட்டும் கொடுத்தால் வரும் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று உடையும். புரோப்பியோனிக், வேலரிக் என ஒற்றைப்படைக் கார்பன் அமிலங்கள் சேர்ந்தால் வளையும். பிரித்தெடுக்கப் பணம் செலவழிக்க வேண்டிய கலவையை அப்படியே தின்னக் கொடுக்கலாம். இங்கே செலவு வருவது வேறு இடத்தில். செல்லுக்குள் இருக்கும் உருண்டைகளைக் கரைப்பான் வைத்து வெளியே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். சாதாரண பாலிபுரோப்பிலீனோடு விலையில் மோத வேண்டும்.

கேஸ் எடுத்தால் கரன்ட் வருகிறது. அமிலம் எடுத்தால் கேஸ் குறையும். எது லாபம்?

ஒரு கிலோ அசிட்டிக் அமிலத்தை மீத்தேன் ஆகவிட்டால் சுமார் 0.37 கன மீட்டர் மீத்தேன். எஞ்சினில் எரித்தால் 1.3 யூனிட் மின்சாரம். யூனிட் 8 ரூபாய் என்றால் பத்து ரூபாய்க்குச் சற்று மேல். சந்தையில் அசிட்டிக் அமிலம் டன் சில நூறு டாலர், அதாவது கிலோ பல பத்து ரூபாய். இதை வைத்துத்தான் ‘அமிலமே லாபம்’ என்று மேடையில் சொல்வார்கள்.

ஆனால் சந்தை விலை 99 சதவீதத்துக்கு மேல் சுத்தமான அமிலத்துக்கு. உங்களிடம் இருப்பது 1 சதவீதக் கலவை. இடையில் இருப்பதுதான் மேலே சொன்ன பிரிப்புச் செலவு. மெத்தனாலையும் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் அமிலம் செய்யும் ஆலைகளோடு ஒரு நகராட்சி அந்தச் சந்தையில் போட்டியிட வேண்டுமா என்று யோசியுங்கள். அதே சமயம், நிலையம் ஏற்கெனவே மெத்தனால் வாங்கிக்கொண்டிருந்தால் கணக்கு மாறிவிடும். வாங்கும் செலவு மிச்சம், பிரிப்பும் வேண்டாம்.

இன்னொன்று, கேஸ் முழுவதும் போய்விடாது. நொதிநீரை எடுத்த பிறகு மிஞ்சும் திடத்தை எரிவாயுக் கலனுக்கு அனுப்பலாம். முன்பைவிடக் குறைவாக வரும், ஆனால் வரும்.

ஆறு கார்பன் அமிலம் எண்ணெய் மாதிரி மேலே மிதக்குமாமே? அது எளிதில்லையா?

கேப்ரோயிக் அமிலம். தண்ணீரில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் கரையும், அதற்கு மேல் பிரிந்து மிதக்கும். ஆகவே பிரிப்பது எளிது என்பது சரி. கிளாஸ்ட்ரிடியம் குளுய்வெரி என்ற பாக்டீரியா, அசிட்டிக் அமிலத்தோடு எத்தனாலைச் சேர்த்து இரண்டிரண்டு கார்பனாக நீட்டி இதைச் செய்யும். கவனியுங்கள், எத்தனால் வேண்டும். கசடில் எத்தனால் கிடையாது. சாராய ஆலைக் கழிவு பக்கத்தில் இருந்தால் பேசலாம். எத்தனாலைக் காசு கொடுத்து வாங்கிக் கசடில் ஊற்றுவது என்றால் என்னை விட்டுவிடுங்கள்.

இந்த அசிட்டிக் அமிலத்தை ஊறுகாயில் போட்டுவிடுவார்களோ?

சுத்தம் செய்த மூலக்கூறு எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான். ஆனாலும் உணவுக்கு இதை யாரும் முன்மொழியவில்லை, வாங்கவும் ஆள் கிடையாது. கழிவுநீர் நிலையம், பிளாஸ்டிக், குளிர்நாடுகளில் விமான ஓடுதளத்துப் பனியை உருக்கும் அசிட்டேட் உப்பு, இவைதான் பேசப்படும் இடங்கள்.

கன உலோகம், கிருமி, மருந்து எல்லாம் அமிலத்தோடு வந்துவிடாதா?

உலோகங்கள் பெரும்பாலும் திடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிஎச் இறங்க இறங்கக் கரைந்து நீருக்கு வரும். இந்த விஷயத்தில் கார நொதித்தல் பாதுகாப்பானது. சில நாள் நொதித்தலில் குடற்புழு முட்டைகள் சாகாது. வேகவைக்கும் முறையில் செத்துவிடும். மருந்துகளும் எளிதில் அழியாத வேதிப்பொருள்களும் ஓரளவு நீரிலும் ஓரளவு திடத்திலும் நிற்கும். நொதிநீர் அதே நிலையத்துக்குள் சுற்றுகிறவரை புதிதாக ஒரு ஆபத்து சேராது. வெளியே விற்பதென்றால் சவ்வு வடிகட்டலும் சோதனையும் கட்டாயம்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் தொழிற்சாலைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையக் கசடில் இதைச் செய்யலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அதில் குரோமியம் இருக்கிறது. வேண்டாம். வீட்டுக் கழிவுநீர்க் கசடை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அமிலம் எடுத்துவிட்டால் கசடு பிரச்சினை தீர்ந்துவிடும்தானே?

இல்லை. 100 கிலோவில் 12 முதல் 20 கிலோ அமிலமாகப் போனது. கொஞ்சம் கரைந்தும் வாயுவாகவும் போகும். பெரும்பங்கு அப்படியே நிற்கும். அதை வழக்கம்போல எரிவாயுக் கலனுக்கோ, உலர்த்தவோ, எரிக்கவோ அனுப்பியாக வேண்டும். சுவிட்சர்லாந்து 2006 முதல் கசடை வயலில் போடவே தடை விதித்திருக்கிறது. அங்கே எரிப்பதுதான் வழி. அமிலம் எடுப்பதைக் கசடு ஒழிப்புத் திட்டமாக விற்க வருகிறவரிடம் மிச்சத் திடம் எங்கே போகும் என்று கேளுங்கள்.

செப்டிக் டேங்க் லாரிக் கழிவு எங்கள் ஊரில் நிறைய. அதில் செய்யலாமா?

லாபமில்லை. செப்டிக் டேங்கே காற்றில்லாத தொட்டிதான். இரண்டு, மூன்று வருடம் அதற்குள் கிடந்த கழிவில் எளிதில் நொதிக்கக்கூடியது எல்லாம் முன்பே மீத்தேனாகி, வென்ட் குழாய் வழியாகக் காற்றில் போய்விட்டது. லாரியில் வருவது சாறு போன சக்கை. அடிக்கடி காலியாகும் பொதுக் கழிப்பறைத் தொட்டிக் கழிவு மட்டும் விதிவிலக்கு.

உங்கள் ஊர் சேலம் பக்கமாக இருந்தால் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரைப் பாருங்கள். மாவுச்சத்து நிறைந்தது, உடைக்கச் செல் சுவர் இல்லை. அங்கே பல ஆலைகள் ஏற்கெனவே எரிவாயு எடுக்கின்றன. அமிலத்துக்கும் கசடைவிட அது பல மடங்கு நல்ல மூலப்பொருள்.

சென்னையில் இதை ஏன் யாரும் செய்யவில்லை?

கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி, நெசப்பாக்கம் நிலையங்களில் கசடிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் தயாரித்திருக்கிறார்கள். அந்தப் பழக்கமும் ஆட்களும் இருக்கிறார்கள். அமிலத்துக்கு இல்லாதது வாங்குபவர். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரைத் தொழிற்சாலைக்குத் தரும் அளவுக்குச் சுத்திகரிக்கும் ஆலைகள் 2019இல் வந்தன. தண்ணீர்ப் பஞ்சம் அந்தத் தண்ணீருக்கு வாடிக்கையாளரைக் கொடுத்தது. அமிலத்துக்கு அப்படியொரு நெருக்கடி இல்லை.

இன்னொரு தடை கட்டுமானத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் சமீபத்தில் கட்டப்பட்ட பல நிலையங்களில் முதல்நிலைத் தொட்டியே கிடையாது. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் காற்றூதி முடித்துவிடுவார்கள். நீண்ட நாள் காற்றில் கிடந்த கசடு தன்னையே தின்று இளைத்திருக்கும். அதில் நொதிக்க அதிகம் மிஞ்சாது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் வலியுறுத்திய நைட்ரஜன், பாஸ்பரஸ் வரம்புகள் உண்மையிலேயே அமலுக்கு வந்தால், கார்பனை வெளியே வாங்க வேண்டிய நிலை வரும். அப்போது யாராவது கெலோனா கதையைத் தூசி தட்டி எடுப்பார்கள்.

கல்லூரி ப்ராஜெக்டுக்குச் செய்து பார்க்கலாமா?

உணவுக் கழிவு, ஜவ்வரிசிக் கழிவு, மாட்டுச் சாணம் வைத்துச் செய்யுங்கள். கோட்பாடு ஒன்றுதான். கசடுதான் வேண்டுமென்றால் நிலையத்து ஊழியரிடம் குழாயில் பிடித்து வாங்குங்கள். தொட்டிக்குள் குனியக்கூட வேண்டாம். புரதம் நொதிக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு வரும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏறியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘நாற்றம் நின்றுவிட்டது’ என்று இறங்கியவர்கள் ஏறி வரவில்லை. 2013இல் வந்த சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் யாரையும் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. ப்ராஜெக்டுக்கும் அது பொருந்தும். புட்டியை இறுக மூடிவிடாதீர்கள், வாயு போகக் குழாய் வையுங்கள், இல்லையென்றால் வெடிக்கும்.

நொதிநீரில் அமோனியாவும் பாஸ்பேட்டும் சேர்ந்தே வருமே. நைட்ரஜனை எடுக்க நைட்ரஜனையே ஊற்றுகிறோமா?

இதைக் கேட்கிறவர் விஷயம் தெரிந்தவர். ஆமாம், வரும். புரதம் உடைந்தால் அமோனியா வெளியே வந்தே தீரும். பாஸ்பரசைச் சேமித்த பாக்டீரியாவை உடைத்தால் அதுவும் திரும்பி வரும்.

பாஸ்பேட்டுக்கு வழி உண்டு. மெக்னீசியம் சேர்த்தால் மெக்னீசியம் அமோனியம் பாஸ்பேட், அதாவது ஸ்ட்ரூவைட் என்ற படிகமாக இறங்கும். உரமாக விற்கலாம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து டர்ஹம் நிலையத்தில் 2009 முதல் இந்தப் படிகத்தை எடுக்கிறார்கள். ஆனால் இது நைட்ரஜனைத் தீர்க்காது. படிகத்தில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு ஒரு நைட்ரஜன் அணுதான் போகும். எடையில் 31க்கு 14. லிட்டருக்கு 0.2 கிராம் பாஸ்பரஸ் எடுத்தால் நைட்ரஜன் 0.09 கிராம்தான் குறையும்.

ஆகவே கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும். ஒரு கிலோ நைட்ரஜனை வெளியேற்றச் சுமார் 5 கிலோ ஆக்சிஜன் தேவைக்குச் சமமான அமிலம் வேண்டும். நொதிநீரில் லிட்டருக்கு, ஆக்சிஜன் தேவைக் கணக்கிலேயே, 10 கிராம் அமிலமும், 0.6 கிராம் நைட்ரஜனும் இருந்தால், அந்த நைட்ரஜனை ஒழிக்கவே 3 கிராம் போய்விடும். மீதி 7 கிராம்தான் ஆதாயம். நைட்ரஜன் 1.5 கிராம் என்றால் ஆதாயம் 2.5. இரண்டு கிராமைத் தொட்டால் சைபர். ஊற்றுவதற்குப் பம்ப் ஓட்டும் மின்சாரம்தான் நட்டம். முதல்நிலைக் கசடில் புரதம் குறைவு, அமோனியாவும் குறைவு, அதனால் கணக்கு பெரும்பாலும் நம் பக்கம் வரும். இரண்டாம்நிலைக் கசடைக் காரம் போட்டு நன்றாகக் கரைத்தால் அமிலமும் கூடும், நைட்ரஜனும் கூடும். வடிவமைப்பு தொடங்கும் முன்பு உங்கள் நிலையத்துக் கசடை ஒரு வாரம் புட்டியில் வைத்து இந்த இரண்டு எண்களையும் அளந்துவிடுங்கள்.